ஒத்து ஊதும் காது

தையல்நாயகி அன்று கண் விழித்ததே ஒரு மனிதனை ஒழித்துக்கட்டத்தான். குளித்து, தலை பின்னி, இருப்பதிலேயே நல்ல பட்டாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, கச்சேரிக்குப் போகிறவள் மாதிரி கிளம்பினாள். ஒழிக்கப்பட வேண்டியவன் அவளுடைய முன்னாள் கணவன் குஞ்சிதபாதம், நாதஸ்வரக்காரன். அவனுடைய மேடை உரிமத்தை இன்றோடு ரத்து செய்ய வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவன் நாலு பேர் எதிரில் நாயனத்தை வாயில் வைக்கக்கூடாது. அதைப் பார்த்துவிட்டால் போதும், தன் நெஞ்சு ஆறிவிடும் என்று அவள் நம்பினாள்.

திருச்சியில் இசைத்தொழில் தீர்ப்பாயம் நடக்கிற கட்டடம் ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையாக இருந்தது. உள்ளே கத்தினால் வெளியே கேட்காத சுவர்கள் என்பதால் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அங்கே வருகிறவர்கள் நிறையக் கத்தினார்கள். பாதிப் பேருக்குக் காது மந்தம், மீதிப் பேருக்கு வாய் நீளம்.

நடைபாதை பெஞ்சில் குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தான். சந்தனக் கலர் ஜிப்பா போட்டிருந்தான். முகம் வற்றி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை.

"வந்துட்டியா? இன்னிக்கு என்ன, பட்டெல்லாம் கட்டி..."

"உன் கருமாதிக்கு வெறும் புடவையில வந்தா நல்லாருக்காதுல்ல" என்றாள் தையல்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'வாங்க, போங்க' என்றுதான் பேசிவந்தாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றைக்கு, கோர்ட்டு வாசலிலேயே அந்த 'ங்க'வை வெட்டி எறிந்துவிட்டாள். அப்படி எறிந்ததில் அவளுக்கு இன்னும் ஒரு சந்தோஷம் பாக்கி இருந்தது. 'நீ' என்று சொல்லும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

"நான் சொல்லாத ஒண்ணுக்கு என்னை எத்தனை வருசம்தான் அலைய வைப்பே?"

"என் காதால கேட்டேன்."

"உன் காது!" அவன் சிரித்தான். "அதான் ஊருக்கே தெரியுமே."

"உன் காது மட்டும் என்ன வாழுதாம்? நீயும்தானே மாட்டியிருக்கே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. சட்டம் போட்டுட்டான், மாட்டியிருக்கேன். கழட்டி வச்சாலும் ஊசி விழுந்தா கேக்கும் எனக்கு."

"கழட்டேன் பாப்போம்."

அவன் கழற்றவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலத்துக்குள்ள நீ மண்ணத் தின்னணும்" என்றாள் அவள். அவனைப் பார்த்தாலே அவள் வாயில் வருவது அதுதான். குடும்ப நீதிமன்றத்தில் சொன்னாள், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தபோது சொன்னாள், அவன் பெயர் போட்ட சுவரொட்டியைப் பார்த்துக்கூடச் சொன்னாள். "மண்ணத் தின்னு. அப்பதான் எனக்கு மனசு ஆறும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

இவர்கள் இரண்டு பேரும் மாட்டியிருந்தது என்ன என்று சொல்லிவிட வேண்டும். மேளக்காரர்களின் காதுகளை மேளமே தின்றுகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். யாரும் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். தவில்காரனுக்கு நாற்பது வயதில் காதுக்குள் இரைச்சல் தொடங்கும், ஐம்பதில் எதிராளி பேசுவது பாதி விளங்காது. பக்கத்தில் நின்று நாயனம் வாசிக்கிறவனுக்கும் அதே கதி. காதில் எதையாவது அடைத்துக்கொள் என்றால் கோபம் வரும். காதை அடைத்துக்கொண்டு சங்கீதமா, அப்புறம் சுருதி எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கடைசியில் அரசாங்கம் சட்டம் போட்டது. காதுக்காப்பு இல்லாமல் யாரும் மேடையேறக்கூடாது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவையும் சேர்த்தார்கள். காது கெட்ட கலைஞனை மேடையிலோ நாலு பேர் எதிரிலோ வைத்து எவன் கேவலமாகப் பேசினாலும் அவனுடைய உரிமம் போய்விடும். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், சந்தேகமில்லை.

காப்புகளில் எல்லோரும் விரும்பி வாங்கியது 'ஒத்து'. மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு, காதுக்குள் வைத்துக்கொள்ள. காதின் பின்பக்கத்தில் தோலோடு ஒட்டிக்கொள்ள ஒரு மெல்லிய இலை. நாதஸ்வரக் கோஷ்டியில் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருப்பார் அல்லவா, அந்தக் குழலுக்குப் பெயர் ஒத்து. கம்பெனிக்காரன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டான். அடிக்கிற சத்தத்தை வாசலிலேயே நிறுத்தும், கேட்காமல் போன சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும் என்றான். கொடுக்கவும் செய்தது. தையல் முதல் முறை அதை மாட்டிக்கொண்டு தன் தவிலின் வலந்தலையை விரலால் தட்டிப் பார்த்தபோது, பல வருடங்களாகக் காணாமல் போயிருந்த அந்தக் கணீரென்ற நாதம் அப்படியே வந்தது. அழுதுவிட்டாள். அதற்கப்புறம் தூங்கும்போதுகூட அவள் அதைக் கழற்றியதில்லை.

அவளுக்கு அந்தப் பயம் சின்ன வயசிலிருந்தே உண்டு. அவளுடைய அப்பாவும் தவில்காரர். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. பாட்டு முடிந்தது தெரியாமல் அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார், சபையில் சிரிப்பார்கள். "செவிட்டு மேளம் வருது, ஓடுங்கடா" என்று வைத்தீஸ்வரன்கோயில் கடைத்தெருவில் பின்னாலேயே கத்துவார்கள். அவருக்குக் கேட்காது. கூடப் போகும் தையலுக்குக் கேட்கும். அந்தச் சொல் என்றைக்காவது தன் மேல் வந்து விழும் என்று அவள் அன்றிலிருந்தே காத்துக்கொண்டிருந்தாள்.

அது விழுந்தது நாமக்கல்லில். திறந்தவெளி மேடை, கண்ணுக்கெட்டிய தூரம் கூட்டம். குஞ்சிதபாதம் நாயனம், அவள் தவில், அந்த ஜோடிக்காகவே வந்த ஜனம். வீட்டில் கொஞ்ச நாளாகவே சண்டை. "காதைப் போய்க் காட்டு, காலப்பிரமாணம் ஓடுது உனக்கு" என்று அவன் சொல்லப்போக, "எனக்குக் காது இருக்கு, உனக்குத்தான் மூச்சு இல்லை" என்று அவள் சொல்லப்போக, பேச்சுவார்த்தையே நின்றிருந்தது. தனி ஆவர்த்தனம் முடித்து அவள் கையை எடுத்தாள். அவன் எடுத்து வாசிக்க வேண்டிய இடம். அவன் வாசிக்கவில்லை. நாயனத்தை இறக்கினான், அவள் பக்கம் திரும்பினான், கையை நீட்டிக் காட்டி, கைதட்டலுக்கு நடுவே ஒரு வார்த்தை சொன்னான்.

"செவிடி!"

அவள் தவில் கழியைக் கீழே போட்டாள். எழுந்து மேடையை விட்டு இறங்கி நடந்தாள். ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் வீட்டுக்கு வந்து சத்தியம் செய்தான். "சீவாளிடின்னேன். சீவாளி பொளந்துபோச்சு, வேற சீவாளி கேட்டேன்." சீவாளி என்பது நாயனத்தின் வாயில் செருகுகிற சின்ன நாக்கு. அது பிளந்தால் ஊத முடியாது. மாற்றுச் சீவாளிகளை நூலில் கோத்து நாயனத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். "சீவாளி உன் நாயனத்துலயே தொங்குதே, என்கிட்ட எதுக்குக் கேப்பே?" என்று அவள் கேட்டாள். அவன் ஏதோ நூல் அறுந்தது என்றான். ஜால்ரா போடுகிறவரும் ஒத்துக்காரரும் 'சீவாளி' என்றுதான் கேட்டது என்றார்கள். அவர்கள் அவனுடைய பங்காளிகள். வேறு எப்படிச் சொல்வார்கள்?

அவளிடம் சாட்சி இருந்தது. 'ஒத்து' அவள் காதுக்குக் கொடுத்ததையெல்லாம் சேர்த்து வைக்கும். அதைக் குடும்ப நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினாள். நீதிபதி கேட்டார், குமாஸ்தா கேட்டார். 'செவிடி' என்று அவன் குரலிலேயே சுத்தமாக வந்தது. விவாகரத்து கிடைத்தது. செய்தி பரவியது. பெண்டாட்டியைச் செவிடி என்று மேடையில் திட்டினவனை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? பெரிய சபைகள் கைகழுவின. கடைத் திறப்பு விழா, புது பஸ்ஸுக்குப் பூஜை என்று அவன் பிழைப்பு சில்லறைக்கு வந்துவிட்டது. அதுவும் அவளுக்குப் போதவில்லை. மிச்சமிருப்பது உரிமம் ஒன்றுதான்.

தீர்ப்பாயத்தின் தலைவி பவளக்கொடி, ஓய்வுபெற்ற நீதிபதி. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிற அம்மாள். இங்கே வக்கீல் கிடையாது, இரண்டு தரப்பும் நேருக்கு நேர் பேச வேண்டும். முன்பு சினிமா ஓடிய திரையில் இப்போது யார் என்ன பேசினாலும் அது எழுத்தாக ஓடும், காது கேளாதவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்று.

மூன்றாவது ஆள் ஒருவன் கறுப்புக் கோட்டில், கையில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பெயர் ஆல்ட்ரின். 'ஒத்து' கம்பெனியின் என்ஜினீயர்.

"அவர் எதுக்கு?" என்று தையல் கேட்டாள்.

"எதிர்த்தரப்பு மனு போட்டிருக்கார்" என்றார் பவளக்கொடி. "உங்க காதுக்கு வந்த ஒலிக்கு முன்னாடி, ஒத்துக்குள்ள இருக்கிற மைக் பிடிச்ச ஒலி ஒண்ணு இருக்காம். கம்பெனிக்காரங்க கொடுக்க மாட்டேன்னு இத்தனை நாள் இழுத்தாங்க. நான் உத்தரவு போட்டேன். போடுங்க."

ஆல்ட்ரின் பெட்டியைத் திறந்தான். திரைக்கு இரண்டு பக்கமும் இருந்த பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து நாமக்கல் கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்கு நடுவே குஞ்சிதபாதத்தின் குரல் வந்தது.

"செவிடி!"

தையல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேட்டீங்களா? இதுக்கு மேல என்ன வேணும்?"

பவளக்கொடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அப்புறம்தான் தையல் திரையைப் பார்த்தாள்.

'சீவாளிடி' என்று எழுதியிருந்தது.

"திரை தப்பா எழுதுது" என்றாள். "இந்த ஆளு ஏதோ பண்ணியிருக்கான். திரும்பப் போடச் சொல்லுங்க."

திரும்பப் போட்டார்கள். செவிடி. இன்னொரு முறை. செவிடி. திரையில் சீவாளிடி, சீவாளிடி, சீவாளிடி என்று வரிசையாக ஏறியது.

"அம்மா, இங்க இருக்கிற எல்லாருக்கும் சீவாளின்னுதான் கேக்குது" என்றார் பவளக்கொடி. அவர் குரலில் இருந்த எரிச்சல் எங்கோ போயிருந்தது. அது தையலை இன்னும் பயமுறுத்தியது.

"எல்லாரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கறீங்களா? என் காதால கேக்கறேன். இப்ப, இந்த நிமிசம் கேட்டேன்!"

"மேடம்" என்றான் ஆல்ட்ரின். "நீங்க உங்க காதால கேக்கல. ஒத்து மூலமா கேக்கறீங்க."

"அதனால?"

"உங்களுக்குப் போயிருக்கிறது மேல்சத்தம். ச, ட, ள இதெல்லாம் அங்கதான் இருக்கு. அது காதுக்குள்ள எட்டாது. எட்டாத இடத்தை ஒத்து நிரப்பும்."

"எதை வச்சு நிரப்பும்?" என்று கேட்டவர் பவளக்கொடி.

அவன் கோட்டுப் பித்தானைத் திருகினான். "காதுக்குப் பின்னாடி ஒரு இலை ஒட்டியிருக்கில்ல, அது மூளை அடுத்து எதை எதிர்பார்க்குதுன்னு முன்கூட்டியே பிடிச்சுக்கும். அதை வச்சு நிரப்பும். அதாவது, நீங்க எதிர்பார்க்கறதைக் கேக்க வைக்கும்."

"என்னய்யா சொல்றே?"

"இசைக்காகப் பண்ணினதும்மா. இசையில அது தப்பே ஆகாது. வாசிக்கிறவங்களுக்கு அடுத்த அடி என்னன்னு முன்னாடியே தெரியும், அவங்க எதிர்பார்க்கிறதுதான் வரும். அதனாலதான் அவ்வளவு சுத்தமா இருக்கு. என் காது திரும்பக் கிடைச்சிருச்சுன்னு எத்தனை பேர் அழுதிருக்காங்க, தெரியுமா? பேச்சுக்கு நாங்க அதைச் சோதிக்கல. பாட்டுக்காரங்க மேடையில பாடத்தானே போறாங்கன்னு..."

"வீட்டுக்குப் போய்ப் பேச மாட்டாங்களா?" பவளக்கொடி மேஜையைத் தட்டினார். "இந்தக் கட்டடத்துல அடுக்கி வச்சிருக்கிற வழக்கு பூரா 'அவன் சொன்னான், நான் கேட்டேன்'தான். அண்ணன் தம்பி பிரிஞ்சிருக்கான், குரு சிஷ்யன் பிரிஞ்சிருக்கான். அத்தனை பேர் காதுலயும் உங்க சாமான். இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரும் குறை சொல்லலையே. ஒத்து போட்டவங்க எல்லாரும் தனக்குச் சரியாக் கேக்குதுன்னுதான் சொன்னாங்க."

"பேரைச் சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்றார் பவளக்கொடி. "அவங்கவங்க மனசுல இருக்கிறதுக்கு ஒத்து ஊதியிருக்கு."

தையல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல் சொல்லாக, பிசிறு இல்லாமல் கேட்டது. இதில் எது அவர்கள் சொன்னது, எது அவள் நினைத்தது? முதல் முறையாக அந்தச் சந்தேகம் வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. என்ஜினீயரை அவன் விலைக்கு வாங்கியிருப்பான். திரையையும் வாங்கியிருப்பான். கடைத் திறப்பு விழாவில் ஊதுகிறவனுக்கு அவ்வளவு காசு ஏது என்று அந்தக் கோபம் யோசிக்கவில்லை.

அவள் எழுந்தாள். இரண்டு காதுகளிலிருந்தும் ஒத்தைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தாள். காதுக்குப் பின்னாலிருந்த இலையை உரித்தபோது தோல் எரிந்தது.

உலகம் தண்ணீருக்குள் போய்விட்டது. காதுக்குள் பழைய இரைச்சல், அதைத் தவிர ஒன்றுமில்லை. பவளக்கொடியின் வாய் அசைந்தது. 'ஓ... ஆ... ஏ...' என்று எலும்பில்லாத ஏதோ ஒன்று வந்தது. தையல் கையைக் காட்டி நிறுத்தினாள். ஒலிபெருக்கிப் பெட்டியிடம் போய் மண்டிபோட்டு, அதன் முகத்தில் தன் வலது காதை வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளங்கையையும் பெட்டியின் மேல் பரப்பிக்கொண்டாள்.

"போடுங்க" என்றாள். தான் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டி அதிர்ந்தது. கைதட்டல் மழை மாதிரி கையில் பட்டது. மழைக்கு நடுவே அவன் குரல், ச இல்லை, ள இல்லை, ட இல்லை, எல்லாம் தேய்ந்து வெறும் உயிரெழுத்துகளாக வந்தது.

ஈ... ஆ... இ... இ...

"இன்னொரு தடவை."

ஈ. அப்புறம் வாயைத் திறந்து ஒரு ஆ. நல்ல நீளமான ஆ.

செவிடியில் ஆ ஏது?

அவள் பெட்டியை விட்டு எழவில்லை. ஆல்ட்ரின் திரையில், விழாக்காரர்கள் எடுத்திருந்த அன்றைய மேடையின் படத்தை ஓட்டினான். அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடங்களில் அந்தப் படத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காதில் இருக்கும்போது கண்ணுக்கு எதற்கு என்று விட்டிருந்தாள். படத்தில் குஞ்சிதபாதம் நாயனத்தை இறக்கினான். உதட்டில் பிளந்த சீவாளியின் நார் ஒட்டியிருந்தது. வெறும் நூல் ஒன்று அறுந்து ஆடியது. அவன் கையை நீட்டினான். அவள் மேல் அல்ல. கீழே. அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில், தவில் வாரின் ஓரத்தில், சீவாளிக் கொத்து விழுந்து கிடந்தது. 'சீவாளி'யின் நடுவெழுத்துக்கு அவன் வாய் விரியத் திறந்தது. வா. அவன் முகத்தில் கோபம் இல்லை, பதட்டம் இருந்தது. பதினாயிரம் ஜனத்துக்கு முன்னால் ஊத நாக்கில்லாமல் நிற்கிறவனுடைய பதட்டம்.

படத்தில் இருந்த தையல்நாயகி கீழே குனிந்து பார்க்கவேயில்லை. கழியைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

பெட்டியோரம் உட்கார்ந்திருந்த தையலுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது, அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை. வைத்தீஸ்வரன்கோயில் கடைத்தெருவிலிருந்து அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தது அவள். ஒரு மனிதனின் வாயில் அதைப் போட்டு, அதற்காக அவன் சோற்றைப் பிடுங்கி, இன்றைக்கு அவன் மூச்சையும் பிடுங்க வந்திருக்கிறாள். அவன் கன்னம் ஏன் இப்படி ஒட்டிக்கிடக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

திரையில் எழுத்து ஓடியது. 'பவளக்கொடி: மனுதாரர் என்ன சொல்கிறீர்கள்?'

"வழக்கை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள் தையல். தன் சொற்கள் திரையில் ஏறுவதைப் பார்த்துத்தான் அவற்றைச் சொல்லியிருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டாள். 'பவளக்கொடி: வழக்கு தள்ளுபடி. உரிமம் எதிர்த்தரப்புக்கே.'

குஞ்சிதபாதம் எழுந்து நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. அவளைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் துளிகூட இல்லை. வழக்கு போனது, சரி. போன வருடங்களை யார் கொடுப்பார்கள்? இனிமேல் இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தாடையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். இவள் வாயிலிருந்து நல்லது எதுவும் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. எதற்காக எதிர்பார்ப்பான்?

அவள் அவன் எதிரில் போய் நின்றாள். மன்னிச்சிருங்க என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் வெட்டி எறிந்த 'ங்க' வேண்டும்போது வந்து ஒட்டிக்கொள்ளுமா? பழகிய நாக்கு பழகிய மாதிரியே சொன்னது.

"மன்னிச்சிரு."

அவன் முகம் மாறியது. பவளக்கொடியின் பக்கம் வெடுக்கென்று திரும்பி, தையலைச் சுட்டிக்காட்டி, ஏதோ கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. அவளுக்கு 'ஆ', 'ஏ' என்று இரைச்சல் மட்டும் கேட்டது. திரையைப் பார்த்தாள். இரண்டு வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

'தையல்நாயகி: மன்னிச்சிரு.'

'குஞ்சிதபாதம்: கேட்டீங்களாம்மா? தோத்த பிறகும் திமிர் அடங்கல பாருங்க. மண்ணத் தின்னுன்னு சொல்றா!'

தையல் இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள். திரையைக் காட்டினாள். அவன் காதைக் காட்டினாள், கழற்று என்று சைகை செய்தாள். அவன் தன் காதைப் பொத்திக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தான். செவிடன் என்று அவள் கேலி செய்வதாக அவன் எடுத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. திரை ஓடிக்கொண்டிருந்தது.

'பவளக்கொடி: அவங்க மன்னிப்புக் கேட்டாங்க. திரையைப் பாருங்க.'

'குஞ்சிதபாதம்: திரை தப்பா எழுதுது.'

'ஆல்ட்ரின்: சார், உங்க காதுலயும் அதே ஒத்துதான் இருக்கு. ஒரு நிமிஷம் கழட்டுங்க.'

'குஞ்சிதபாதம்: அது அவளுக்கு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. எழுதிக்குங்க, நான் இப்பவே மனு கொடுக்கறேன். அதே சட்டம், அதே பிரிவு. இவ உரிமத்தைப் பிடுங்காம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.'

பவளக்கொடி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆல்ட்ரின் பெட்டியை மூடினான். மேஜை மேல் தையலின் இரண்டு மொச்சைக்கொட்டைகளும் கிடந்தன. அதை மாட்டிக்கொண்டால் அவன் பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும், அவள் எதிர்பார்க்கிறபடியே கேட்கும். அவள் அதைத் தொடவில்லை.

குஞ்சிதபாதம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்று, இன்னும் ஒன்று சொன்னான். அதற்கு அவள் திரையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாயசைவு அவளுக்கு மனப்பாடம். எத்தனையோ வருடங்களாக எத்தனையோ பேரிடம் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது.

"என் காதால கேட்டேன்."